பரிபூரணத்தின் கைக்குடை

பரிபூரணத்தின் இடது முன்னங்கையில் ஒரு குடை இருந்தது. வெயிலுக்கும் ஆகாது, மழைக்கும் ஆகாது. விரித்த குடை, வளைந்த கைப்பிடி, நடுவில் ஒரு கம்பி. அந்தக் கம்பியும் கோணல், ஏனென்றால் பச்சை குத்தியவன் அவசரத்தில் இருந்தான். அவன் முன்னால் பெரிய வரிசை நின்றது. குடையை அவள் கேட்டு வாங்கவில்லை. அவளுடைய கணவன் சோலைராஜ் வாங்கிக் கொடுத்தான். பெண்டாட்டிக்குச் சேலை வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு, வளையல் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. கட்சிச் சின்னம் வாங்கிக் கொடுத்தவன் மம்சாபுரத்தில் அவன் ஒருவன்தான்.

சுந்தரபாண்டியத்தில் பிறந்து மம்சாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள் பரிபூரணம். சோலைராஜுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. கட்டி முடித்த நூல் பொதிகளின், அதாவது பேல்களின் மேல் தகட்டு அச்சை வைத்து, மை தடவி, மில் பெயரையும் நம்பரையும் பதிக்க வேண்டும். அந்த வேலை போக மீதி நேரமெல்லாம் கட்சி. கட்சியின் முழுப்பெயர் ஒரு முழ நீளம் இருக்கும். அதில் மக்களும் இருந்தார்கள், முன்னேற்றமும் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லி மூச்சை வீணாக்கவில்லை. சின்னம் குடை, ஆகவே குடைக் கட்சி.

சோலைராஜ் ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். மேடை ஏறினால் எதிராளியை வெட்டுவேன் குத்துவேன் என்பான். ஆனால் ஊசி என்றால் ஆகாது. மில்லில் காலரா தடுப்பூசி போட வந்த அன்று பேல் அடுக்குக்குப் பின்னால் பதுங்கியவனைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தார்கள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்த வாசனைக்கே மயங்கி விழுந்தான். ஊசியை மயக்கத்தில்தான் போட்டார்கள். இது மில்லுக்குத் தெரியும், பெண்டாட்டிக்குத் தெரியும். கட்சிக்கு மட்டும் தெரியாது.

எண்பத்தைந்தாம் வருடம் ராஜபாளையத்தில் குடைக் கட்சியின் மாவட்ட மாநாடு நடந்தது. அந்தச் சமயத்தில் கட்சிக்காரர்கள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் தாவிக்கொண்டிருந்தார்கள். காலையில் குடை பிடித்தவன் சாயங்காலம் வேறு கொடியோடு நின்றான். தலைமைக்கு ஒரு யோசனை தோன்றியது. துண்டை மாற்றலாம், தோலை மாற்ற முடியாது அல்லவா? விசுவாசிகள் எல்லாரும் கையில் குடையைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. நகரச் செயலாளர் வேல்சாமி மைக்கைப் பிடித்து, "பச்சை குத்தாதவன் பச்சைத் துரோகி" என்று முழங்கினார். அந்த ஒரு வரிக்குக் கிடைத்த கைதட்டலில் அவருக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை என்று சொல்வார்கள்.

சோலைராஜுக்கும் தூக்கம் வரவில்லை. மாநாட்டன்று காலையில் காய்ச்சல் என்றான், கழுத்தைத் தொட்டுப் பார்த்த பரிபூரணம் ஒன்றும் இல்லை என்றாள். அவளும் அவனோடு மாநாட்டுக்குப் போனாள். அவளுக்கு அப்போது தலைச்சன் பிள்ளை வயிற்றில், ஐந்தாம் மாதம். கட்சிப் பேச்சைக் கேட்கப் போகவில்லை. லாரியில் சும்மா கூட்டிப்போனார்கள், திரும்பி வரும்போது ராஜபாளையம் கடைத்தெருவில் ஊறுகாய் வாங்கலாம் என்று ஆசை.

பந்தலுக்குப் பக்கத்தில் பச்சை குத்தும் ஆள் உட்கார்ந்திருந்தான். பேட்டரியில் ஓடும் மிஷின், ஒரே ஊசி, ஒரு மூடியில் மை, ஒரு துணி. குத்தி முடித்ததும் அந்தத் துணியால் கையைத் துடைப்பான், அதே துணியால் ஊசியைத் துடைப்பான், அடுத்த கையை இழுப்பான். எத்தனையோ ஊர்க்காரர்களின் ரத்தம் அந்தத் துணியில் ஒன்றாகக் கலந்திருந்தது. கட்சிக்குள் அவ்வளவு ஒற்றுமை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

வரிசையில் தன் முறை நெருங்க நெருங்க சோலைராஜின் முகம் வெளிறியது. திடீரென்று வரிசையை விட்டு விலகி வேல்சாமியிடம் ஓடினான்.

"அண்ணாச்சி, நான் ஒருத்தன் குத்தினா ஒரு ஆளுதான் கணக்கு. என் வீட்டுக்காரி குத்தினா குடும்பமே குத்தினதுல்லா? மாசமா வேற இருக்கா. வயித்துப் பிள்ளையும் கட்சியில சேந்த மாதிரி."

வேல்சாமிக்கு வாயெல்லாம் பல். மைக்கில் அவள் பெயர் மூன்று முறை ஒலித்தது. "தங்கச்சி பரிபூரணம் மேடைக்கு வரவும். தாயும் கட்சி, சேயும் கட்சி."

அவள் மலைத்துப்போய் நின்றாள். "மாசமா இருக்கேங்க. ரெண்டு உசிரு இருக்கிற உடம்புல ஊசியைக் குத்தலாமா? பிள்ளை பொறக்கட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள்.

"ஏட்டி, கை வேற, வயிறு வேற. கையில குத்துறது வயித்துக்கு எப்படிப் போகும்?" என்றான் சோலைராஜ். அவனுடைய மருத்துவப் படிப்பு அவ்வளவுதான். ஆனால் கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது, கை தட்டுகிற கூட்டத்துக்கு நடுவில் நின்று மாட்டேன் என்று சொல்ல அன்றைக்குப் பரிபூரணத்துக்குத் தெரியவில்லை. பச்சை குத்துகிறவனை மேடைக்கு அழைத்து, அவளை உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, குத்தினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். சோலைராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் பார்த்தாலும் அவனுக்கு ஆகாது.

மறுநாளே அவன் கையிலும் ஒரு குடை முளைத்தது. தகரத்தில் குடை வெட்டி, மில்லில் பேலுக்குப் போடுகிற மையைத் தடவி, பதமாகப் பதித்துக்கொண்டான். வேர்வையில் மங்கினால் மறுபடியும் ஒரு பூச்சு. தொழில் தெரிந்த கை. அவன் குடையில் கோணல் கிடையாது. கட்சிக்காரர்கள், "உனக்கு மட்டும் எம்புட்டு அழகாக் குத்திருக்கான் பாரு" என்று பொறாமைப்பட்டார்கள். பரிபூரணமும் அதைப் பார்த்தாள். அதைப் பேசுகிற நிலையில் அவள் இல்லை.

வீடு வந்த இரண்டொரு நாளில் அவள் கை வீங்கிவிட்டது. குடை தோலுக்கு மேலே எழும்பி நின்றது. மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார்கள், சீழ் வைத்தது. காய்ச்சல் அடித்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கேட்டாள்; மாநாட்டு அலைச்சல், படுத்தால் சரியாகும் என்றான் அவன். அவள் நடுங்கிக் கிடந்தபோது வயிற்றில் வலி எடுத்தது. அதற்கு அப்புறம்தான் வண்டி கட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் அவள் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஊசியைக் கொதிக்கிற தண்ணியிலயாவது போட்டு எடுத்தாங்களா?" என்பதுதான். சீழ் ரத்தத்தில் ஏறிவிட்டது, தாயைத்தான் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பிள்ளை அன்றைக்கே பிறந்தது. ஆண் பிள்ளை. உள்ளங்கை அகலம் முகம். அழவே இல்லை.

சோலைராஜ் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதான். அது நிஜ அழுகைதான், அதில் குறை சொல்ல முடியாது. பிள்ளையைக் கண்மாய்க் கரையில் புதைத்துவிட்டு வந்தான். கல் நடவில்லை, பெயர் வைக்காத பிள்ளைக்குக் கல் என்ன என்றார்கள். அந்த வருட மழைக்குக் கரை உடைந்து, மறுபடி மண் போட்டு, இடம் எதுவென்று பிறகு அவனுக்கே தெரியாமல் போய்விட்டது.

பிள்ளை பெற்றவளை எங்கள் பக்கம் பச்சை உடம்புக்காரி என்பார்கள். குளிர்ந்த தண்ணீர் படக்கூடாது, காற்று படக்கூடாது. எல்லாரும் அவளுக்கு அந்தப் பத்தியத்தைச் சொன்னார்கள், வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். ஊசி குத்துகிற அன்று எங்கே போயிருந்தார்களோ தெரியவில்லை. மார்பில் பால் மட்டும் தன் நேரத்துக்கு வந்து கட்டிக்கொண்டது. குடிக்க ஆளில்லாத பாலைச் சுவரோரம் பீய்ச்சிவிட்டு அவள் அழுத அழுகையை யாரும் கேட்கவில்லை. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றிய நாட்கள் உண்டு.

வேல்சாமி துக்கம் கேட்க வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, ஒரு யோசனையோடு வந்தார். அந்த மாதமே ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர்: "குடைக்காகத் தலைச்சனைத் தந்த தியாகக் குடும்பம்." கீழே சோலைராஜின் படம். பரிபூரணத்தின் படம் இல்லை, வீட்டில் அவள் போட்டோ எதுவும் கிடையாது. சோலைராஜைக் கிளைச் செயலாளர் ஆக்கினார்கள். பதவி ஏற்க அவன் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனான், குடை தெரிய வேண்டும் என்று புதுப் பூச்சு பூசியிருந்தான்.

ஆறேழு வருடத்தில் குடைக் கட்சி இரண்டாகக் கிழிந்தது. தலைவர்களுக்குள் என்ன தகராறு என்று மம்சாபுரத்தில் யாருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் இரண்டு பக்கமும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வேல்சாமி பிரிந்து போனவர்களோடு போனார். புதுக் கட்சிக்கு விசிறிச் சின்னம். அண்ணாச்சி போன இடத்துக்குச் சோலைராஜும் போனான். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கையைத் துடைத்தான்; தியாகக் குடும்பத்தின் குடை ஒரே துடைப்பில் போய்விட்டது. தோலை மாற்ற முடியாது என்று நம்பிய தலைமைக்கு மண்ணெண்ணெய் ஞாபகம் வரவில்லை.

பரிபூரணத்தின் குடைதான் நின்றது. கோணல் கம்பியோடு, கொஞ்சம் நீலம் பாரித்து, வடுவோடு வடுவாக.

அவளுக்கு மறுபடி பிள்ளை நிற்க வெகு காலம் ஆனது. தொண்ணூற்றாறில்தான் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. குருவம்மாள் என்று சோலைராஜின் தாயார் பெயரை வைத்து, குருவு என்று கூப்பிட்டார்கள். குருவு பால் குடிக்கும்போது தாயின் முன்னங்கையை ஒரு கையால் பற்றிக்கொள்ளும். சரியாகக் குடையின் மேல். அதைப் பார்க்கப் பார்க்கப் பரிபூரணத்துக்குப் பத்து வருடத்துப் பாரம் கொஞ்சம் இறங்கினது போல இருந்தது.

குருவுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவர்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். சந்து சந்தாக ஆம்பிளைகள் எல்லாரும் தங்கள் வீட்டில் ஒரு பெண்டாட்டி இருப்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். குடைக் கட்சியில் அங்காளம்மாளை நிறுத்தினார்கள், அதாவது அவள் புருஷன் கண்ணுச்சாமி நின்றார். விசிறிக் கட்சியில் பரிபூரணம். போஸ்டரில் "சோலைராஜ் அவர்களின் துணைவியார்" என்பது பெரிய எழுத்து, "பரிபூரணம்" என்பது கண்ணாடி போட்டுப் படிக்கிற எழுத்து.

அப்போதுதான் வேல்சாமியின் கண் அவள் கையில் விழுந்தது. "ஏலே சோலை, என்னலே இது? விசிறிக்கு ஓட்டுக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டா, குடையில்லா தெரியுது? கண்ணுச்சாமி அந்தக் கையைக் காட்டியே பிரச்சாரம் பண்ணிருவான்" என்றார்.

"அழிச்சிருதேன் அண்ணாச்சி" என்றான் சோலைராஜ். அவனுக்கு என்ன, அழிப்பது லேசான காரியம் என்றுதான் நினைத்திருந்தான். மண்ணெண்ணெய்த் துணியோடு வந்து நின்றான். பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சுண்ணாம்பும் சலவைக்காரமும் குழைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். கல் உப்பை வைத்து ரத்தம் வரத் தேய்க்கச் சொன்னார் இன்னொருவர். சொன்னவர்கள் அத்தனை பேரும் ஆம்பிளைகள், ஒருவர் கையிலும் பச்சை இல்லை.

"பால் குடுக்கிற உடம்பு. பிள்ளை பால் மறக்கட்டும், பொறவு என்ன வேணா செய்யுங்க" என்றாள் பரிபூரணம்.

"அதுக்குள்ள எலெக்ஷன் முடிஞ்சு போயிரும்ட்டி" என்றான் அவன்.

குருவுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்லி ஒருநாள் ராஜபாளையத்துக்கு அழைத்துப் போனான். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தது ஆஸ்பத்திரிக்கு அல்ல, ஒரு பேட்டரிக் கடைக்கு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற சமயங்களில் அந்தக் கடைக்காரருக்குத் தனி வருமானம் உண்டு. கையில் பச்சை இருந்தால் பட்டாளத்தில் எடுக்க மாட்டார்கள் என்று, காதலி பெயரைக் குத்திக்கொண்ட பையன்கள் வருவார்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற ஆசிட்டைக் கோழி இறகில் தொட்டுப் பெயரின் மேல் வரைவார். பெயர் போய்விடும். பெயர் இருந்த இடத்தில் தோலும் போய்விடும். கடையில் அப்போது ஒரு பையன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கண்ணில் தண்ணீர் கொட்டியது. புண்ணில் ஈ மொய்த்தது.

கடைக்காரர் பரிபூரணத்தின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பழைய ஸ்கூட்டர் பேட்டரியைப் பார்ப்பது போல. "செத்த நேரம் எரியும், பொறவு மரத்துப் போகும். காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டுக்கோ. புண்ணு ஆறுற வரைக்கும் பிள்ளைக்குப் புட்டிப்பால் குடுத்துரு தாயி" என்றார்.

மடியில் குருவு பால் குடித்துக்கொண்டிருந்தது, வழக்கம்போலக் குடையைப் பற்றிக்கொண்டு. புட்டிப்பால் என்ற சொல் காதில் விழுந்ததும் பரிபூரணத்துக்கு அந்தப் பழைய சுவரோரம் ஞாபகம் வந்தது. பீய்ச்சிவிட்ட பால் மண்ணில் ஊறிய இடம். அவள் எழுந்தாள்.

"எங்கட்டி போற?" என்றான் சோலைராஜ்.

"தடுப்பூசி போடணும்னு சொல்லித்தான கூட்டியாந்திய. போட்டுட்டு வாரேன்" என்று பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கை தட்ட அங்கே கூட்டம் இல்லை என்பதும் ஒரு காரணம். சோலைராஜ் பின்னாலேயே ஓடி வந்து அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். குருவுக்கு ஊசி போட்டபோது குழந்தை அழுதது, சோலைராஜ் வராந்தாவுக்கு ஓடினான். பரிபூரணம் கையை நீட்டிக் கேட்டாள். "அம்மா, இது பத்து வருசமாக் கெடக்கு. இந்த மை பாலுல கலக்குமா? பிள்ளையை ஏதும் செய்யுமா?"

"இது பழைய மைம்மா, தோலுக்குள்ள அசையாமக் கெடக்கு. இதால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, நல்லாப் பால் குடுங்க" என்றார் டாக்டர். "ஆனா புதுசாக் குத்துறதுன்னாலும் சரி, இதை அழிக்கிறதுன்னாலும் சரி, மாசமா இருக்கிறப்பவும் பால் குடுக்கிறப்பவும் வேண்டாம். சுத்தமில்லாத ஊசியில காமாலை வரும், சீழ் வைக்கும். ஆசிட் ஊத்தினா வெந்த புண்ணு. புண்ணுக்குக் காய்ச்சல், காய்ச்சலுக்கு மருந்து. அவ்வளவும் எதுக்கு? பிள்ளை பால் மறந்த பிறகு மதுரைக்குப் போய்த் தோல் டாக்டர்கிட்டக் காட்டுங்க. இப்ப என்ன அவசரம்?"

"எனக்கு ஒரு அவசரமும் இல்லம்மா. வராந்தாவுல நிக்காவ, அவியளுக்குத்தான்" என்றாள் பரிபூரணம்.

டாக்டர் சோலைராஜைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊசி போட்ட சிரிஞ்சு இன்னும் மேசை மேல் கிடந்தது. டாக்டர் சொன்னதெல்லாவற்றுக்கும் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டு சரிங்கம்மா, சரிங்கம்மா என்று தலையாட்டினான்.

அழிக்க முடியாது என்றதும் வேல்சாமி ஒரு சாயங்காலம் யோசித்தார். "அழிக்க முடியலேன்னா மறைச்சிரு" என்றார். பக்கத்து வீட்டுத் தங்கபாய் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கு வேலைக்குப் போகிறவள். அவள் வீட்டிலிருந்து ஒரு சுருள் வாங்கிக் குடையின் மேல் சுற்றினார்கள். சுற்றிவிட்டவளும் தங்கபாய்தான். "என்ன அக்கா, ஒரு சிராய்ப்பும் இல்லாம இம்புட்டுத் துணியா?" என்று கேட்டுக்கொண்டே சுற்றினாள்.

பிள்ளை பாலுக்கு ஆபத்தில்லை, துணிதானே என்று பரிபூரணம் சம்மதித்தாள். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. கையில் கட்டு இருந்தால் என்ன ஆச்சு என்று யாராவது கேட்பார்கள் அல்லவா? கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்கு முன் வேல்சாமி பதில் சொன்னார். "குடைக் கட்சிக்காரன் பண்ணின வேலை" என்று பெருமூச்சு விட்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை ஊர் சொல்லிக்கொண்டது.

கீழத் தெருவில் கல்லெறி என்றார்கள். அது மேலத் தெரு போய்ச் சேர்வதற்குள் அரிவாள் வெட்டு ஆனது. வெட்டுக்குத் தகுந்தபடி கட்டும் வளர்ந்தது. முதலில் நாலு விரல் அகலம், பிறகு முழங்கை வரை, கடைசியில் கழுத்தில் தொட்டில் கட்டிக் கையைத் தொங்கவிட்டார்கள். சோலைராஜ் மில்லிலிருந்து சிவப்பு மை கொண்டுவந்து துணியில் இரண்டு இடத்தில் தொட்டு வைத்தான். தொழில் தெரிந்த கை என்றேனே. கைப்பிள்ளைக்காரியை வெட்டிவிட்டார்களே என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கண்ணுச்சாமி, பச்சைப் பொய், பச்சைப் பொய் என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் கத்தக் கத்த, வெட்டியவர் அவர்தான் என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது.

பரிபூரணம் வீட்டுக்கு வந்தால் கட்டைப் பிரித்துவிட்டுத்தான் குருவுக்குப் பால் கொடுப்பாள். துணியைப் பற்றக் குருவுக்குப் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"வெட்டுப்பட்டேன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் கணவனிடம்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்ட்டி. மைக்கு முன்னால சும்மா நில்லு" என்றான் அவன். பத்து வருடத்துக்கு முன்பும் அவள் அப்படித்தான் நின்றாள்.

ஜெயித்துவிட்டாள். கைப்பிள்ளைக்காரிக்குத்தான் குத்துவோம் என்று பெண்கள் சொல்லுகிற அளவுக்கு விசிறிக்கு ஓட்டு விழுந்தது. பஜார் முக்கில் நன்றி தெரிவிக்கிற கூட்டம் போட்டார்கள். மேடையில் பரிபூரணம் ஒரு நாற்காலி நுனியில், தொட்டில் கட்டிய கையோடு உட்கார்ந்திருந்தாள்; கீழே முன்வரிசையில் தங்கபாய் குருவை வைத்திருந்தாள். வேல்சாமி ஒரு மணி நேரம் நன்றி சொன்னார், பெரும்பாலும் தனக்கே.

அவர் மூச்சு வாங்க நிறுத்தின இடத்தில், களை எடுத்துவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு அம்மாள் எழுந்தாள். "தாயி, ஒனக்கு வெட்டு விழுந்துச்சுன்னு கேட்டுத்தான் நான் விசிறியில குத்தினேன். என் மகளும் கைப்பிள்ளைக்காரிதான், அதான் மனசு கேக்கல. புண்ணு ஆறிருச்சா? காத்துப் படாமக் கட்டியே வச்சிருந்தா சீழ் பிடிச்சிரும். செத்த அவுத்துக் காட்டு" என்றாள். அவள் குரலில் சந்தேகமோ கிண்டலோ எதுவும் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள்.

கண்ணுச்சாமியின் ஆட்கள் நூறு பேர் கத்தியிருந்தாலும் பரிபூரணம் அசைந்திருக்க மாட்டாள். அந்த அம்மாள் சீழ் என்று சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஒருத்தராவது இப்படிக் கேட்டிருந்தால். அவள் எழுந்து தொட்டிலைக் கழற்றினாள். கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். சோலைராஜின் முகத்தில் ஈயாடவில்லை. "ஏட்டி, வேண்டாம்ட்டி" என்று பல்லுக்குள் சொன்னான். துணி பிரியப் பிரிய மேடையில் குவிந்தது. கடைசிச் சுற்று விழுந்ததும் அவள் கையை உயர்த்திக் காட்டினாள்.

"இதுதான் காயம்" என்றாள்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் குடை கோணலாகத் தெரிந்தது. கூட்டம் திகைத்தது. வேல்சாமி மட்டும் திகைக்கவில்லை, அவர் அரசியலுக்குப் பிறந்தவர். மைக்கைப் பிடுங்கி, "பாத்தியளா மக்களே, குடைக் கட்சிக்காரன் பண்ணின வேலைன்னு நான் சொன்னது பொய்யா?" என்றார். யாரோ இரண்டு பேர் கை தட்டக்கூடச் செய்தார்கள்.

பரிபூரணம் மைக்குக்கு நேராக வந்தாள். "குடைக் கட்சி பண்ணினதுதான் அண்ணாச்சி. அன்னைக்கு மைக்கைப் பிடிச்சு என் பேரைக் கூப்பிட்டது நீங்க. தன் கைக்குப் பதிலா என் கையை நீட்டினது இவிய. அப்ப என் வயித்துல ஒரு பையன் இருந்தான். இந்தக் காயத்துல நான் பிழைச்சேன், அவன் பிழைக்கல" என்றாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "மாசமா இருக்கிறவளோ பால் குடுக்கிறவளோ இந்த உடம்புக்கு இது வேண்டாம்னு சொன்னா, செத்த நேரம் காது குடுத்துக் கேளுங்க. ஓட்டுப் போட்டவியகிட்ட நான் கேக்கது அம்புட்டுதான்."

கேள்வி கேட்ட அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கீழே குருவு பசித்து அழுதது. பரிபூரணம் மேடையை விட்டு இறங்கி, பிள்ளையை வாங்கி, பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். நன்றியுரையின் மீதியை வேல்சாமி நாற்காலிகளுக்குச் சொல்லி முடித்தார்.

கவுன்சிலர் வேலையை அவளே பார்த்தாள். கூட்டத்துக்கு அவளோடு போகிற சோலைராஜ் டீக்கடையில் உட்கார்ந்து குருவைப் பார்த்துக்கொண்டான். குருவுக்கு இரண்டு வயது திரும்பியபோது மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவிப் பால் மறக்கடித்தாள். அதற்காகவே காத்திருந்தவன் போல ஒருநாள் சோலைராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மதுரைக்குப் போவமா? அந்த டாக்டரம்மா பால் மறந்த பொறவு அழிச்சுக்கிடலாம்னு சொன்னாவல்லா. அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என்னமோ செய்யுது" என்றான்.

பரிபூரணம் கையைத் திருப்பிப் பார்த்தாள். "நீங்க புதைச்ச எடம் எதுன்னு உங்களுக்கே தெரியாது. பேரும் வைக்கல, கல்லும் நடல. அவன் இருந்தான்னு இந்த ஊர்ல காட்டுறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் அழிச்சிட்டா நான் எங்க போய்ப் பாக்கது?" என்றாள்.

சோலைராஜ் கையை நீட்டி, சுடுமோ என்று பயந்தவன் போல, அந்தக் கோணல் குடையை முதல் முறையாகத் தொட்டான். அருகருகே இரண்டு கைகளும் கிடந்தன. அவன் கையில் ஒரு பொட்டு மை இல்லை.